வேலிக்குப் போன பூவரசு

மூன்று வருடங்களுக்கு முந்திய தை மாதம். இரணைமடுவிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் எங்கள் காணிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். மாரி முழுவதும் வவுனியா ஆஸ்பத்திரியும் என் வீடுமாகக் கிடந்தவர். செத்தாலும் சொந்த வளவில்தான் சாவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

வந்து கைகால்கூடக் கழுவவில்லை, பக்கத்துக் காணிக்காரர் ஒரு சட்டி அவித்த கச்சானோடு, நிலக்கடலையோடு, வந்தார். "உங்கட பின்காணியில விளைஞ்சதுதான், சாப்பிடுங்கோ" என்றார். நல்ல மனுசன் என்று நினைத்தேன். பசியில் நானும் தின்றேன், அப்பாவுக்கும் உரித்துக் கொடுத்தேன். பக்கத்துக்காரர் போன பிறகுதான் உறைத்தது. பின்காணியிலா?

பின்காணி எங்கள் குடும்பத்து இடுகாடு. மலையகத் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் செத்தவர்களைப் புதைப்பவர்கள். கல் கட்ட வசதியில்லை. வேலிக்கு நடுவதுபோல ஒரு பூவரசங் கதியாலை, வெட்டிய கிளைத்தடியை, தலைமாட்டில் நட்டுவிடுவார்கள், அது துளிர்த்து மரமாகிவிடும். தாத்தா, சித்தப்பா, கடைசியாக அம்மா. வெளி ஆளுக்கு அது வெறும் பற்றை, புதர்க்காடு. அப்பாவுக்கு ஒவ்வொரு மரமும் ஒரு ஆள். பின்னேரங்களில் அம்மாவின் மரத்தில் ஆட்டைக் கட்டிவிட்டு, பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார். தன்னையும் அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்பார்.

போய்ப் பார்த்தால் ஒரு மரமில்லை. வேரோடு கிளப்பி, உழுது, எல்லைவரைக்கும் கச்சான். அப்பா செடிகளுக்கு நடுவே தடியை ஊன்றி ஊன்றி நடந்தார். அம்மா எங்கே கிடக்கிறா என்று அவருக்கே பிடிபடவில்லை.

தின்ற கச்சான் தொண்டைக்கு வந்தது. பக்கத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சும்மா கிடந்த காணிதானே தங்கச்சி. நாங்கள் எரிக்கிற ஆக்கள். ஒரு கல்லுக்கூட இல்லாமல் ஆருக்கு என்னெண்டு தெரியும்?"

தெரியாதாம். அம்மாவின் செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டவரே அவர்தான். பாடை எந்தப் பக்கம் போனது என்று கண்ணால் கண்டவர். கல் இல்லையாம். இந்த மண்ணில் கல் வைத்த கல்லறைகளே ஆமியின் புல்டோசரில் பட்ட பாடு அவருக்குத் தெரியாதா? வாய்க்கு வந்தபடி ஏசினேன். இப்போதும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அப்பா இரண்டு காணிக்கும் நடுவில் பக்கத்துக்காரர் போட்டிருந்த புது வேலியோரமாகப் போனார். வேலி முழுக்கப் பூவரசங் கதியால்கள், எல்லாம் துளிர்விட்டு நின்றன. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனவர் ஒன்றில் நின்றுவிட்டார். அதில் ஆட்டுக்கயிறு இறுக்கிய தழும்பு வளையமாகத் தெரிந்தது.

"ஒங்கம்மாவ இங்க கொண்டாந்து நட்டிருக்காங்க" என்றார். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

பக்கத்துக்காரர் முகம் கறுத்து, பிடுங்கித் தருகிறேன் என்றார்.

"வேணாங்க. வேர் விட்டுருச்சு, இனிப் புடுங்கினா பட்டுப்போயிரும்" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னைய இதுக்குப் பக்கத்துல வச்சிரு."

அடுத்த மாரிக்கு முன்னமே அப்பா போய்விட்டார். சொன்னபடி, வேலிக்கு எங்கள் பக்கமாக அந்தப் பூவரசுக்குக் கீழே குழி வெட்டினோம். பக்கத்துக்காரர் ஓடிவந்தார்.

"என்ன தங்கச்சி இது? சமைக்கிற இடம், எங்கட குசினி யன்னலுக்கு நேரை. வீட்டோட பிணம் புதைக்கிறதோ?"

"அம்மாவை இங்கை கொண்டுவந்தது நீங்கள்தானே அண்ணை. அப்பா பின்னால வாறார், அவ்வளவுதான்."



அப்பாவின் தலைமாட்டில் நட்ட கதியாலும் இப்போது துளிர்த்துவிட்டது. எங்கேயாவது பற்றையைக் கண்டால், யார் படுத்திருக்கிறார்களோ என்று நான் விலகித்தான் நடக்கிறேன். பக்கத்துக்காரரை மன்னித்துவிடு என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள், மனம் வருவதாக இல்லை. கல் இல்லாத இடத்திலும் ஆள் உண்டு என்று அவருக்கு இனி ஒருவரும் சொல்லத் தேவையில்லை, விடிய எழும்பிக் குசினி யன்னலைத் திறந்தால் போதும்.