முத்தம் தேய்த்த டாலர்

ஃபேன்சி ஸ்டோரில் வளையல் அடுக்குகிறாளே, அவளைக் கடைத்தெருவே வளையல் அக்கா என்றுதான் கூப்பிடும். சரியான வாயாடி. பேரம் பேச வந்தவர்கள் அதை மறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். அந்தச் சிரிப்பெல்லாம் ஷட்டர் இறக்கும்வரைதான். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு, ஆறு வயது மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் வந்து கிடக்கிறாள். என்ன செய்ய, வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

போன தடவை கிளம்பும்போது பிள்ளை முந்தானையை விடவில்லை. தன் கடையிலேயே வாங்கிப்போன செயினை அதன் கழுத்தில் மாட்டினாள். சிவப்பு இதய டாலர்.

"அம்மா நெனப்பு வந்தா இதுக்கு ஒரு முத்தம் குடு. எனக்கு வந்து சேந்துடும்."

அழுகை நின்றது. அப்பாடா என்று பஸ் ஏறினாள்.

அப்புறம் ஒருநாள் காலையில் முதலாளி அந்தச் செயின்களையெல்லாம் பிடுங்கி மூட்டை கட்டினார். "ஈயம் கலந்திருக்காம். வித்ததையும் திருப்பி வாங்கச் சொல்லிக் கவர்மெண்டுல உத்தரவு. இந்த நோட்டீஸைக் கண்ணாடியில ஒட்டும்மா."

ஒட்டப்போனவள் படித்தாள். போட்டுக்கொள்வதைவிட வாயில் வைப்பதுதான் ஆபத்து, பிள்ளைகள் சப்பியிருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யவும் என்று இருந்தது. செல்லோடேப் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. தன் கண்ணைத் தானே குத்திக்கொண்ட கதையாகப் போச்சே!

ஓடிப்போய் அண்ணிக்கு போன் போட்டாள்.

"அண்ணி, அந்தச் செயினைக் கழட்டிடுங்க. விஷமாம்!"

"ஐயய்யோ, எங்க கழட்டறது? கிட்டப் போனா கடிக்க வர்றா. பொழுதுக்கும் அது வாயிலதான கெடக்கு!"

அன்றைக்கே லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

வாசலில் கால் வைத்ததும் மகள் வந்து காலைக் கட்டிக்கொண்டாள். டாலரில் சிவப்பு போய் சாம்பல் நிறம் தெரிந்தது.

"பாத்தியாம்மா, எவ்ளோ குடுத்திருக்கேன்! எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சுடி கண்ணு. ஒண்ணு விடாம வந்துச்சு." "இப்ப அதை அம்மாகிட்ட குடு. அதுல கெட்டது இருக்காம்."

"குடுத்துட்டா? அப்புறம் நான் எதுக்கு முத்தம் குடுக்கறது?"

அந்த வாயாடி குனிந்து தன் கன்னத்தைக் காட்டினாள். பிள்ளை முத்தம் கொடுத்தது. கொடுத்தபடியே செயினைக் கழற்ற விட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசியைப் பார்த்துவிட்டு அது போட்ட கூச்சலில் கட்டிடமே அதிர்ந்தது. முடிவு வந்த அன்று டாக்டரம்மா, "ரத்தத்துல ஈயம் கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு. இனிமே அது வாய்க்குப் போகலைன்னா கொறைஞ்சுடும். அடுத்த மாசம் மறுபடியும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்" என்றார்.

பெற்றவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். சொன்னவன் இந்தப் பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டான்.

"அதுக்கும் நீதான கூட்டிட்டு வருவ?" என்று கேட்டது.

"பின்ன? நான்தான் வருவேன்."

கொஞ்சம் யோசித்தது. பிறகு சட்டைக் கையைத் தானே மேலே ஏற்றிவிட்டு, டாக்டரம்மாவிடம் கையை நீட்டியது.

"வாரா வாரம் எடுங்க டாக்டர். நான் அழவே மாட்டேன்."