மச்சான் அடித்த கோல்கள்

விண்ணப்பப் படிவத்தின் நான்காவது கேள்வியோடு மூன்று நாட்கள் மல்லுக்கட்டினேன். ‘விண்ணப்பதாரியின் உதைபந்தாட்டப் பின்னணி. மாகாண மட்டத்திலோ அதற்கு மேலோ விளையாடியமைக்கான சான்றிதழ்களை இணைக்கவும்.’ கீழே ஆறு வரிகள் விட்டிருந்தார்கள். எனக்கு ஆறு வரி போதாது. ஆனால் ஒரு வரிகூட எழுத முடியாது.

கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஒரு பாடசாலையில் பத்து வருடங்களுக்கு மேலாக உதைபந்தாட்டம் பழக்குகிறேன். நியமனம் என்று ஒன்றும் இல்லை. அதிபர் கூப்பிட்டார், போனேன், நின்றுவிட்டேன். இந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் நியமனம் பெற்ற பயிற்றுவிப்பாளர் மட்டும்தான் அணியோடு மைதானத்துக்குள் இறங்கலாம். நியமனத்துக்கு வயதெல்லை நாற்பத்தைந்து. எனக்கு நாற்பத்து நான்கு முடிந்து எட்டு மாதம். இதை விட்டால் கயிற்றுக்கு வெளியே கச்சான் கடலை விற்கிறவர்களோடு நின்று கத்த வேண்டியதுதான். எனக்கு வேறு எதுவும் தெரியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன்.

போன வருடம் முதலாம் தரப் பயிற்சிநெறிக்குப் போனபோது ஒவ்வொருவரையும் எழும்பித் தன் பின்னணியைச் சொல்லச் சொன்னார்கள். ஒருவர் இராணுவ அணியில் விளையாடியவர். அடுத்தவர் பொலிஸ் அணி. அதற்கடுத்தவர் வங்கி அணி. இந்த நாட்டில் பயிற்றுவிப்பாளர்கள் அப்படித்தான் உண்டாகிறார்கள். நன்றாக விளையாடுகிறவனைப் படையோ வங்கியோ கூட்டிக்கொண்டு போகும். கால் தேய்ந்த பிறகு கையில் ஒரு விசிலைக் கொடுத்து அனுப்பும். நான் விளையாடிய காலத்தில் எங்கள் பக்கத்துப் பொடியன்களைப் படைகள் தேடின காரணம் வேறு.

என் முறை வந்தபோது, வயல் வட்டையில் வரம்பு கட்டினேன், மேசனுக்குக் கல் சுமந்தேன், பிறகு வளைகுடாவில் ஒரு பயிற்சி மைதானத்துப் புல்லுக்கு நாலு வருடம் தண்ணீர் விட்டேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் பழக்குவதற்குப் படித்த இடம் அதுதான். அங்கே வெள்ளைக்காரப் பயிற்றுவிப்பாளர் கூம்புகளை எந்த இடைவெளியில் வைக்கிறார், யாரை ஏசுகிறார், யாரை ஏசாமல் விடுகிறார் என்று குழாயைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். அறைக்கு வந்ததும் சீமெந்துப் பைக் கடதாசியில் கீறி வைப்பேன். அந்தக் கடதாசிகள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. அவற்றுக்கு முத்திரை குத்தித் தரத்தான் ஆள் இல்லை.

சரி, நான் மாகாண மட்டத்தில் விளையாடவில்லையா? விளையாடினேன். வயதுப் பிரிவுகள் மூன்றிலும் விளையாடினேன். அகில இலங்கைப் போட்டியில் அரையிறுதி வரை போனேன். ஐந்து சான்றிதழ்கள் இருக்கின்றன. ஐந்தும் என் மச்சானின் பெயரில் இருக்கின்றன.

எங்கள் ஊர் எழுவான்கரையில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில். இரண்டு முறை இடம்பெயர்ந்ததில் எனக்கு இரண்டு வகுப்புப் பிந்திவிட்டது. பதினைந்து வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது எனக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. விளையாட்டு ஆசிரியரான சேருக்கு என் இடது காலை விட மனமில்லை. என் தாய்மாமனின் மகன் என்னை விட இரண்டு வயது இளையவன். அதே வகுப்பில் இருந்தான். முட்டு வருத்தக்காரன், ஓடினால் மூச்சு இழுக்கும், பந்தைக் கண்டால் விலகி நடப்பான். சேர் அவனுடைய பிறப்புச் சான்றிதழை வாங்கி என் கையில் தந்து, “இண்டையிலிரிந்து நீ இவன்” என்றார். அந்தக் காலத்தில் இது பெரிய பாவமாகத் தெரியவில்லை. எதிரணியில் காலையில் மீசை வழித்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள்.

பதிவு மேசையில் பிறந்த தேதியும் தாயின் முழுப்பெயரும் கேட்பார்கள். மாமியின் பெயரைக் குளிக்கும்போதும் சைக்கிள் உழக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். ஒருமுறை பதிந்தால் பிறகு மாற்ற வழியில்லை. பதினேழிலும் பத்தொன்பதிலும் அவனாகவே ஓடினேன். நான் கோல் அடித்தால் ஒலிபெருக்கி மச்சானின் பெயரைச் சொல்லும். ஒருநாள் அம்மா மைதானத்துக்கு வந்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, “ஒருக்காவாச்சும் உன்ட பேரச் சொல்லுவானெண்டு பாத்துக்கிட்டே இருந்தன் மகன்” என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். அந்தப் பத்தொன்பது வயதுப் போட்டியோடு என் வலது முழங்கால் போனது. என் சொந்தப் பெயரில் விளையாட எனக்குக் கால் மிஞ்சவில்லை.

சான்றிதழ்கள் இயல்பாகவே மச்சானின் கோப்புக்குப் போயின. அவற்றைக் காட்டி அவன் விளையாட்டுக் கல்லூரிக்குத் தெரிவானான்; நகரத்துப் பாடசாலையில் விளையாட்டாசிரியர் ஆனான். பிறகு என் தங்கச்சியைக் கட்டினான். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. நான் பிறந்த வீடு தங்கச்சிக்குப் போக, மச்சான் அங்கே குடிவந்தான். நான் வாவியைக் கடந்து படுவான்கரையில் மனைவியின் வீட்டுக்குப் போனேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை, ஊர் வழக்கம் அதுதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மச்சான் எப்போதும் வலது முழங்காலில் ஓர் உறை போட்டிருப்பான். பழைய காயம், பந்தை உதைக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னதாகப் பிள்ளைகளிடம் சொல்வான். என் காயத்தையும் அவன்தான் எடுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் பாதையில் ஏறினேன். வாவியைக் கடக்க மோட்டார் பூட்டிய மிதவை ஒன்று ஓடுகிறது, அதைத்தான் பாதை என்கிறோம். வழி முழுக்க மனதுக்குள் அவனை ஏசிக்கொண்டே போனேன். நான் பிறந்த வீட்டு விறாந்தைச் சுவரில் ஐந்து சான்றிதழ்களும் கண்ணாடி போட்டுத் தொங்கின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விளையாடினது நான்தானெண்டு எழுதித் தா” என்றேன். உட்காரக்கூட இல்லை.

மச்சான் சண்டை பிடிப்பான் என்று எதிர்பார்த்திருந்தேன். அவன் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தாள் எடுத்தான். “தாறன் மச்சான். நீங்க எப்ப வந்து கேப்பீங்களெண்டுதான் இவ்வளவு வருசமும் இரிந்தன். தேவையெண்டா சமாதான நீதவானுக்கு முன்னாலயும் வந்து சொல்றன்.”

முத்து முத்தான எழுத்தில் எல்லாவற்றையும் எழுதினான். பிறப்புச் சான்றிதழ், ஐந்து போட்டிகள், தன் கால் ஒரு பந்தையும் தொட்டதில்லை என்பது வரை. அவன் மறுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தங்கச்சி படலை வரைக்கும் கூடவே வந்தாள். “குடுங்க அண்ணா. அது உங்கடதான், நான் தடுக்கல்ல. அவருக்கு வேலை போனா கூழோ கஞ்சியோ குடிப்பம். புள்ளைக்கு மட்டும் நீங்களே சொல்லிருங்க. என்னால ஏலா.”

அவர்களுக்கு ஒரே மகள். பதினைந்து வயது. அந்த நேரம் பயிற்சிக்குப் போயிருந்தாள். மைதானத்தின் இடது கரையில் ஓடி இடது காலால் அடிப்பாள். தகப்பனைக் கொண்டு பிறந்தவள் என்று ஊரே சொல்லும். நான் அவளுக்காகக் காத்திருக்கவில்லை, அடுத்த பாதையிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த உத்தியோகத்தர் ஓட்டமாவடிப் பக்கத்து ஆள். ஒரு காலத்தில் கோல் காத்தவர், பிறகு பொலிஸ் அணி, பிறகு இந்தக் கதிரை. வலது கையில் இரண்டு விரல்கள் கோணியிருந்தன. என் படிவத்தைப் புரட்டி நான்காவது கேள்வியில் நின்றார்.

“இதென்ன, ஒண்டும் எழுதல்லயே?”

நான் பைக்குள் கையை விட்டேன். கடிதம் விரலில் பட்டது.

“ஒங்கட சொந்த ஊர் எழுவான்கரையா?” அவர் இன்னும் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அங்க ஒருத்தர் விளையாடினார், லெஃப்ட் ஃபுட். செமி ஃபைனல்ல எனக்கு ஒரு பிரீ கிக் அடிச்சார். பந்து வெளியில போகுது எண்டு நான் கைய எடுத்திட்டன். கடைசில உள்ளுக்கு வளைஞ்சிட்டு. அல்லாவே, இண்டைக்கும் கனவில வரும்.” பிறகு அந்த ஆளின் பெயரைச் சொன்னார். முதலெழுத்தோடு, பிழையில்லாமல் சொன்னார்.

அந்த மாலை கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. காற்று பந்தைத் திருப்பும் என்று தெரிந்துதான் கம்பத்துக்கு வெளியே அடித்தேன். இத்தனை வருடத்தில் என் கோலைப் பற்றி என் முகத்தைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் இவர்தான். சந்தோசமாக இருந்தது. அதே நேரம் மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போலவும் இருந்தது.

“தெரியுமா அவர?”

“என்ட மச்சான் சேர். தங்கச்சிட மாப்பிள.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இத முதல்ல செல்லுறதில்லயா? அப்ப அவர்ர கைக்குள்ள பழகின ஆள் நீங்க! அவரிட்ட ஒரு கடிதம் வாங்கிக் கொண்டாங்க, அவரோட சேர்ந்து பழகினதெண்டு. அத நாலாம் கேள்விக்குப் போட்டிரலாம். திங்கக்கிழமைக்குள்ள வேணும்.”

மச்சானின் கடிதம்தான் என் பைக்குள் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். ஏன் நீட்டவில்லை என்றால், தியாகி வேடம் போட எனக்கு வராது, உள்ளதைச் சொல்கிறேன். உண்மைக் கடிதம் வேலையைத் தருமா என்று நிச்சயமில்லை. ஆள்மாறாட்டம் செய்தவன் என்று என்னையும் சேர்த்தே வெளியில் போடுவார்கள். பொய்க் கடிதம் நிச்சயம் வேலையைத் தரும். எனக்கு வேலை வேண்டும். “கொண்டாறன் சேர்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கூடவே தங்கச்சியின் முகமும் நினைவுக்கு வந்தது உண்மைதான். ஆனால் அதை முதல் காரணமாகச் சொன்னால் வாய் வேகும்.

சனிக்கிழமை மறுபடி பாதை. மறுபடி அந்தச் சுவர். மச்சான் முதல் கடிதம் என்ன ஆனது என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“என்னால ஏலா மச்சான். அதுக்குப் பதிலா அந்தக் கடிதத்தயே குடுங்க. என்ட வேலை போகட்டும்.”

“எழுதடா. நான் சொல்லச் சொல்ல எழுது. ‘இவர் சிறு வயது முதல் என்னிடம் உதைபந்தாட்டம் பயின்றவர்.’”

“உங்கள நான் பழக்கினதா?” அவன் கண் கலங்கிவிட்டது.

“எழுது எண்டா எழுது!” என்று கத்தினேன். அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிப்பிடித்து அழவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இந்தத் தடவை அவன் எழுத்துக் கோணல் மாணலாக விழுந்தது. கையெழுத்து வைத்துத் தன் பதவி முத்திரையையும் குத்தினான்.

மை காய்வதற்குள் மகள் வந்துவிட்டாள். காலணிச் சேற்றோடு உள்ளே வந்து, தகப்பனின் தோளுக்கு மேலால் எட்டிக் கடிதத்தைப் படித்தாள். மச்சான் மறைக்கப் பார்த்தான், அவள் விடவில்லை.

“மாமா, நீங்க அப்பாட்டயா விளையாடப் பழகின?”

தங்கச்சி குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் தேத்தண்ணிக் கோப்பை. அவள் கண் என் மேலேயே இருந்தது. மச்சான் குனிந்து முழங்கால் உறையை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தான்.

“ஓம் புள்ள” என்றேன். “எல்லாம் கொப்பாட்டத்தான்.”

“அப்ப ஊரெல்லாம் சொல்ற அந்த பிரீ கிக்? அப்பாக்கு முழங்கால் ஏலா, காட்டித் தாறாரில்ல. உங்களுக்கு அத அடிக்கத் தெரியுமா?”

வாசலுக்கு வெளியே முற்றத்தில் அவளுடைய பந்து கிடந்தது. அதைப் பார்த்தபடி, “கொஞ்சம் தெரியும்” என்றேன்.