இளகிய மனமுள்ளவர்கள் வர வேண்டாம்

திருவள்ளூரில் அப்போதிருந்த ஒரு தியேட்டரில், பேய்ப் படம் வந்தால் மட்டும் உள்ளேயிருந்து ஒரு பலகையை எடுத்துவந்து வாசலில் சாய்த்து வைப்பார்கள். கறுப்புத் தகரத்தில் சிவப்பு எழுத்து. ‘கர்ப்பிணிகளும் இளகிய மனமுள்ளவர்களும் இந்தப் படத்துக்கு வர வேண்டாம்.’ படம் மாறும், பலகை மாறாது. பழைய எழுத்தின் மேலேயே பெயின்ட் அடித்து அடித்து, ‘இளகிய’ என்ற சொல் மட்டும் தகரத்திலிருந்து புடைத்துக்கொண்டு நிற்கும். கூட்டத்தைத் தடுக்க வைத்த பலகை இல்லை அது, இழுக்க வைத்தது. வராதே என்றால் வந்தே தீருவோம் என்கிற ஜனங்கள்தானே நாங்கள்.

அந்தப் பலகையை எனக்கு முதலில் காட்டியவர் அண்ணி. பொதட்டூர்பேட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பேய்ப் படம் என்றால் அவருக்கு உயிர். அண்ணனுக்கோ உயிரே போய்விடும். காக்களூர் பக்கம் பட்டறைகள் வரத் தொடங்கிய காலம் அது. அண்ணன் ஒரு பட்டறையில் வேலை செய்தார். இரும்புத் துண்டங்களைத் தோளில் அநாயாசமாகத் தூக்குகிற ஆள், திரையில் ஒரு கதவு கிரீச்சென்றாலே துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். மூடிக்கொண்டபடியே, “பூடுச்சா?” என்று கேட்பார். போய்விட்டதா என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்போம். “பூடுச்சு, கண்ணத் தொற” என்பார் அண்ணி. சில சமயம் பேய் போகாமல் அங்கேயே நிற்கும். அண்ணன் துண்டை விலக்கிவிட்டு அலறுவார். எங்கள் வரிசையே சிரிக்கும்.

அறுபதுகளின் பேய்கள் பாவப்பட்டவை. கறுப்பு வெள்ளையில் ஒரு பங்களா, மழை, வெள்ளைச் சேலை, தூரத்தில் ஒரு பாட்டு. கடைசி ரீலில் யாராவது முகமூடியைப் பிடுங்குவார்கள். உள்ளே சொத்துக்கு ஆசைப்பட்ட பெரியப்பாவோ கணக்குப்பிள்ளையோ இருப்பார். அண்ணி இடைவேளையிலேயே ஆளைச் சொல்லிவிடுவார். “எவன் ரொம்ப நல்லவனா கீறானோ அவன்தான் பேயி. பாத்துக்கினே இரு.” ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பேய் என்று ஒன்று கிடையாது, எல்லாம் மனுஷன் செய்கிற வேலை என்று அந்தப் படங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தன. பயந்து முடித்து, தெளிந்து, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வீட்டுக்கு நடப்போம்.

எழுபதுகளில் கலர் வந்தது. ரத்தம் சிவப்பாயிற்று. கூடவே முகமூடியும் காணாமல் போயிற்று. படம் முடிந்த பிறகும் பேய் பேயாகவே இருந்தது. நாங்கள் அந்த மாற்றத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் பட்டறையில் கரண்ட் அடித்து அண்ணன் செத்துப்போனார்.

நான் அழுதேன். ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ அழுகிற மாதிரி அது என் காதில் விழுந்தது. அண்ணி அழவே இல்லை. சோறு வடித்தார், துணி துவைத்தார், கேட்டதற்குத் தலையாட்டினார். பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. முதலில் கல் நெஞ்சுக்காரி என்றார்கள். மாதங்கள் போகப் போக, காத்து கறுப்பு பட்டிருக்கிறது என்றார்கள். கடைசியில் அம்மாவே சொன்னார்: “வாழ வேண்டிய வயசுல செத்தது. அது அவள வுட்டுப் போவல.”

அது என்று அம்மா சொன்னது அண்ணனை. எங்கள் பக்கத்தில் செல்லமாகவும் ‘அது’ என்போம், ‘அண்ணன் வந்துச்சு’ என்போம். இது அந்த ‘அது’ இல்லை. இதில் பயம் இருந்தது. வருகிற அமாவாசைக்கு அண்ணியைப் பேய் ஓட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போவதாக முடிவாயிற்று. அங்கே நடப்பதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். வேப்பங்குழையால் அடித்து ஆடவைத்து, உச்சி முடியை மரத்தோடு சேர்த்து ஆணி அடித்து, அறுத்து எடுப்பார்கள். அண்ணன் செத்ததற்கு வராத நடுக்கம் எனக்கு அதை நினைத்தபோது வந்தது. அண்ணி ஒருமுறை அழுதுவிட்டால் போதும், விட்டுவிடுவார்கள். அவருக்கோ அழுகை வரவில்லை.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வாயைத் திறந்தார். “பாப்பா, பேய்ப் படம் வந்துகீதாமே. போலாமா?”

தாலி அறுத்து வருஷம் திரும்பவில்லை, சினிமாவா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பாதான், “இட்டுகினு போம்மா. வாயத் தொறந்து ஒண்ணு கேட்டுகீதே” என்றார். பகல் காட்சிக்குப் போனோம். வாசலில் அதே பலகை. அண்ணி நின்று படித்தார். “எனக்கின்னா, கல்லு மனசுதானே. நான் போவலாம்” என்றார். சிரிக்கவில்லை.

படத்தில் ஒரு புருஷன் செத்துப்போய், தன் வீட்டு வாசலில் வந்து வந்து நிற்கிறான். இடைவேளையில் பழைய பழக்கத்தில், “யாரு அண்ணி பேயி, அந்த நல்ல மச்சானா?” என்று கேட்டேன். “இல்ல. இது நெசமான பேயி. இப்பல்லாம் நெசமாவே வருது” என்றார். பஸ் வந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னார். எதைப் பார்க்க வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கடைசியில் மந்திரவாதி வந்தான். உடுக்கை, எலுமிச்சம்பழம், புகை. இது என் வீடு, என்னை ஏன் துரத்துகிறீர்கள் என்று அது கெஞ்சியது. முன் வரிசையில், “வுடாத, அடி” என்று கத்தினார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அலறல் கேட்டது, அப்புறம் ஒரே கைதட்டல். கண்ணைத் திறக்காமலே, “பூடுச்சா அண்ணி?” என்றேன்.

மறுபடி கேட்டேன்.

“பூட்டாரு” என்றார்.

பேய்க்கு யாரும் மரியாதை கொடுத்துப் பேசுவதில்லை. நான் முந்தானையை எடுத்தேன். திரையில் விளக்கேற்றிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி முன்னால் இருந்த நாற்காலியின் முதுகில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

வெளியே வந்தும் அழுகை நிற்கவில்லை. வாசலில், பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சுற்றிக்கொண்டு போயிற்று. டிக்கெட் கிழிக்கிறவர் வந்து என்னைத்தான் திட்டினார். “இன்னாம்மா நீ, போர்டு பாக்கல? இம்மாம் இளகுன மனசுக்காரிய இட்டுகினு வந்துகீற!” பார்த்தோம் என்றேன். வேறென்ன சொல்வது? எங்கள் வீட்டில் அத்தனை மாதமாக யாரும் அவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று அண்ணி வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தார். அம்மா அதன்பின் அமாவாசைப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணனையும் பழையபடி ‘அவன்’ என்றே சொன்னார்.

அந்தத் தியேட்டரை இடித்துவிட்டார்கள். பலகை பழைய இரும்புக்குப் போயிருக்கும். போன வருஷம் அண்ணியும் போய்ச் சேர்ந்தார். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன், நாற்காலி எடுத்துப் போட்டேன்.

நேற்று என் பேத்தி கைப்பேசியில் ஒரு பேய்ப் படம் வைத்தாள். தொடக்கத்தில் அதே வாசகம், இளகிய மனமுள்ளவர்கள் பார்க்க வேண்டாம் என்று. அவள் அதை விரலால் தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, “பூடுச்சா?” என்றேன்.

“பூடுச்சு ஆயா, கண்ணத் தொற” என்றாள்.

திறக்கவில்லை.

“பூட்டாங்கன்னு சொல்லு” என்றேன்.