பனி உடையும் வாரம்

தாவெத்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனிமேல் நடப்பான், கோடையில் படகில் போவான். இரண்டுக்கும் இல்லாத இந்த இரண்டுங்கெட்டான் வாரங்கள்தான் அவனுக்கு எமன். ஏரிப்பனி நடக்கவும் விடாது, துடுப்புப் போடவும் விடாது. வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றி வந்தான்.

இந்த வருஷம் அதற்குக் காரணமும் இருந்தது. ஊரில் எல்லோரும் பனிக்கு அடியில் போட்ட வலைகளைச் சுருட்டிக்கொண்ட பிறகும், இன்னும் ஒரே ஒரு தடவை என்று பேராசைப்பட்டு இவன் மட்டும் வலையை விட்டுவைத்தான். ஒரே இரவில் காற்று திரும்பி, கரையோரப் பனி இளகிக் கறுத்துவிட்டது. பனி உடைந்து நகர்ந்தால் வலையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதுவரை வெள்ளைமீன்கள் அதில் மாட்டி அழுகும். நினைத்தாலே அவனுக்கு வயிறு எரிந்தது.

"பனி போற வரைக்கும் ஏரியில கால வச்சே, திரும்ப இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத" என்று ஹில்கா சொல்லிவிட்டாள். அவன் மனைவி சும்மா மிரட்டுகிறவள் இல்லை. அவளுடைய தம்பி ஒன்னி பல வருஷங்களுக்கு முன் இதே பருவத்தில்தான் படகைத் தள்ளிக்கொண்டு பனிமேல் போனான். பிணமாகத்தான் வந்தான்.

"நான் எங்க போறேன்? பென்த்தி வீட்டுக்குக் காப்பி குடிக்கத்தானே போறேன்" என்பான் தாவெத்தி. சிநேகிதன் பென்த்தி வீட்டு ஜன்னலிலிருந்து, வலை கிடக்கும் இடத்துக்கு அடையாளமாக நட்ட கம்பு நன்றாகத் தெரியும். நாள் தவறாமல் போனான்.

"என்ன தாவெத்தி, உன் வலையில மீன்லாம் குடித்தனமே பண்ண ஆரம்பிச்சிருக்கும்" என்றான் பென்த்தி, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. "பேரன் பேத்தி எடுத்ததும் சொல்லி அனுப்பு, பரிசு கொண்டு வரேன்."

அவ்வளவுதான். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவன் நேரே படகுக் கொட்டகைக்குப் போனான். படகுக்குள் ஈரச் சாக்குகள் கிடந்தன. "சாக்குப் போட இவளுக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று வீசி எறிந்தான். படகு வழக்கத்தைவிடக் கனத்தது. வயசாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு இழுத்தான்.

ஒரு முழங்காலைப் படகுக்குள் ஊன்றி, மறுகாலால் பனியை உதைத்துத் தள்ளிக்கொண்டு போகவேண்டும்; பனி உடைந்தால் உள்ளே தாவிவிடலாம். நன்றாகத்தான் போனான். கம்பு கிட்டே வந்துவிட்டது. அப்போது காலடியில் பனி சத்தமே இல்லாமல் கரைந்த மாதிரி உள்வாங்கியது. உள்ளே தாவினான். படகு தொப்பென்று தண்ணீரில் இறங்கியது.

அந்த நொடியில்தான் நினைவு வந்தது, பாவி மனிதனுக்கு! குளிர்காலம் முழுக்கக் காய்ந்த மரப்படகு. பலகைகள் சுருங்கி இடுக்கு விட்டிருக்கும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பலகை உப்பின பிறகுதான் யாரும் படகை இறக்குவார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. இவன் ஊறவைக்கவில்லை. தண்ணீர் இறைக்க ஒரு குவளைகூட எடுத்து வரவில்லை.

துடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு காலடியைப் பார்த்தான். இதோ வரப்போகிறது என்று காத்திருந்தான். தண்ணீர் வரவில்லை. பலகையைத் தடவிப் பார்த்தான். இடுக்கே இல்லை.

"அங்க என்ன தவம் பண்றியா?" கரையிலிருந்து ஹில்காவின் குரல் வந்தது. "போனதுதான் போனே, வலைய எடுத்துத் தொலை! இல்லாட்டி நாளைக்கும் என் உயிர வாங்குவே!"

கம்பைச் சுற்றிப் பனியைத் துடுப்பால் உடைத்து வலையை இழுத்துப் போட்டான். செத்த மீனும் துடிக்கிற மீனுமாகப் படகில் விழுந்தன. வந்த வழியிலேயே பனியை உடைத்துக்கொண்டு கரைக்கு வந்து சேர்வதற்குள் கை ஓய்ந்துபோயிற்று. ஹில்கா முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கிப் படகுக் கயிற்றைப் பிடித்தாள்.

"அந்தச் சாக்கு... நீயா?"

"பின்ன, கொட்டகையா போட்டுக்கிச்சு? நீ காப்பி குடிக்கப் போற நேரமெல்லாம் வாளி வாளியா ஊத்தினேன். இடுப்பு ஒடிஞ்சுபோச்சு."

"போகக் கூடாதுன்னு சொன்னியே, ஹில்கா."

"சொன்னேன். நீ கேக்கிற ஆளா?" கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "ஒன்னிகிட்டயும் சொன்னேன். இடுக்கு விட்ட படகோடதான் முழுகினான். அவன் கேக்கமாட்டான்னு தெரிஞ்சும் அவன் படகுக்கு நான் தண்ணி ஊத்தல."

அந்தச் சாவை இத்தனை வருஷம் இவள் தன் தலைமேல் சுமந்தது தெரியாமல், பென்த்தி வீட்டு ஜன்னலில் நின்று கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று தாவெத்திக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்திருந்தான். மீன்கள் துடித்து ஓய்ந்தன. அவன் ஏரிப்பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.