ஹரிஹரன் அத்திம்பேர் கையில் இருந்த வேறொருவர் வாட்ச்

ஆவணி பிறந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபத்தைந்து, தவறிய அழைப்புகள் ஒன்பது. நான் வேலை பார்க்கும் கருவிச் சோதனைக்கூடத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. வெளியே வந்து பார்த்தபோது இதுதான் கணக்கு. ஒன்பதும் அக்காவிடமிருந்து. திருப்பிக் கூப்பிட்டேன். "அத்திம்பேர் விழுந்துட்டார்டா" என்றாள். எங்கே, எப்படி என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே யாரோ போனை வாங்கி, எல்லாம் முடிந்துவிட்டது என்று மலையாளத்தில் சொன்னார்கள்.

என் அக்கா லலிதாவின் கணவர் ஹரிஹரன், விபத்தில் அடிபட்ட வண்டிகளை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர். வயது நாற்பத்தாறு. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. ஒர்க்‌ஷாப் ஒன்றில் நசுங்கிய வேனைக் குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எந்தக் கருவியும் நிற்பதற்கு முன் ஏதாவது அறிகுறி காட்டும். இவர் காட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கவர் கொடுத்தார்கள். கண்ணாடி, பர்ஸ், போன், வாட்ச். கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாட்ச்சை சரியாகப் பார்த்தேன். கறுப்பு முகம், எஃகுப் பட்டை, விலை உயர்ந்த சுவிஸ் சரக்கு. அத்திம்பேருடையது அல்ல. அவருடையது வெள்ளை முகம், தோல் பட்டை, தினமும் சாவி கொடுக்க வேண்டியது. கல்யாணத்துக்கு அக்கா வாங்கிக் கொடுத்தது.

கவரைத் திறந்து பார்த்த அக்கா கேட்டது ஒன்றுதான்: "அவர் வாட்ச் எங்கேடா?"

எனக்குப் பாதி விடை தெரியும். அத்திம்பேரைத் தெரியாதவர்களுக்கு அதை விளக்க வேண்டும்.

பழைய வாட்ச் வாங்குவதில் அவருக்குப் பித்து. அதுவும் பெட்டி, உத்தரவாதச் சீட்டு, ரசீது எதுவும் இல்லாத வாட்ச். முதல் வாட்ச்சை என் மேசையில் கொண்டுவந்து வைத்தபோது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பின்மூடியைத் திறந்தேன், வரிசை எண்ணைப் பார்த்தேன், ஓட்டத்தை அளந்தேன். எல்லாம் சரி. ஆனால் பேப்பர் இல்லை. திருட்டுப் பொருளாக இருந்தால் யார் பதில் சொல்வது? வேண்டாம் என்றேன்.

அவர் சிரித்தார். "நாள் முழுக்கப் பேப்பர் பார்க்கறவன்டா நான். இடிச்சதாச் சொல்ற இடத்துலே அன்னிக்கு வண்டியே இருந்திருக்காது. பேப்பர் மாத்திரம் அம்சமா இருக்கும், கேட்டியா."

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பிடித்த வாட்ச்சை ஏழு நாள் தன் கையில் கட்டிப் பார்ப்பார். அதுவரை பிணையாகத் தன் வாட்ச்சைக் கழற்றி விற்பவரிடம் கொடுத்துவிடுவார். இரு பக்கமும் எழுத்து கிடையாது. அந்த ஏழு நாளுக்குள் விற்பவர் கூப்பிட்டு, வாட்ச் எப்படி ஓடுகிறது என்று தானாகக் கேட்க வேண்டும். விலையை மட்டும் கேட்டாலோ, கூப்பிடவே இல்லை என்றாலோ, போய்த் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"சொந்தமாக் கட்டிண்டவனுக்கு மனசு கேட்காதுடா. ஒரு தரமாவது விசாரிப்பன்" என்பார்.

முதல் வாட்ச் அப்படித்தான் திரும்பிப் போனது. இதெல்லாம் சோதனையே இல்லை, நான்கைந்து பேரை வைத்து முடிவுக்கு வர முடியாது என்று வாதாடினேன். "பொண் பார்க்கப் போறச்சேயும் நீ வாரண்டி கார்டு கேளு" என்றார். அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது.

பிணை விஷயத்தில் அவளுக்குச் சிரிப்பு வராது. வேறு வாட்ச்சே இல்லையா, நான் கொடுத்ததுதானா கிடைத்தது என்று பலமுறை சண்டை போட்டிருக்கிறாள். அவர் பதில் மாறாது: "தொலைஞ்சாப் போறதுன்னு விடற வாட்ச்சை வெச்சா, திரும்பிப் போகணும்னு எனக்கே தோணாதேடீ."

இந்த முறை, புதன்கிழமை வேலையாக வெளியே போனவர் வாட்ச் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். யாரிடம், எங்கே என்று அக்காவிடம் சொல்லவில்லை. போனில் இருக்கும். போன் அவர் விரல் வைத்தால்தான் திறக்கும். நான் தெரிந்த வழியெல்லாம் முயன்றேன். முடியவில்லை.

மூன்றாம் நாள், அத்திம்பேரின் சித்தப்பா அந்தக் கறுப்பு வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லட்சக்கணக்கில் போகும் பொருள், எவனிடமும் அத்தாட்சி இல்லை, நம்மாத்து வாட்ச் என்று வைத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

"ஏழு நாள் ஆகட்டும். கூப்பிடுவா" என்றாள் அக்கா. போனைச் சார்ஜில் போட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

அன்று ஞாயிறு. அன்று காலைதான் அந்த வாட்ச் நின்றிருந்தது. அது கை அசைவில் சாவி ஏறும் வகை. கழற்றி வைத்தால் ஏறக்குறைய இரண்டு நாள் ஓடும். அதாவது வெள்ளிக்கிழமை காலை வரை அத்திம்பேர் கையை ஆட்டி நடந்த நடையில், அவரைத் தைக்காட்டு மயானத்தில் எரித்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம் படித்தவன் நான். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனாலும் என்னால் அதைக் கையில் வைத்திருக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்காரர்கள், வண்டிக்காரர்கள் என்று அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. யாரும் வாட்ச்சைப் பற்றிப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலை இன்னொன்று. நான் எடுத்தேன்.

"சாரே, பொன்முடியில இருந்து செல்வராஜ். எஸ்டேட் சூப்பர்வைசர். பைசாவுக்கு இல்ல கேட்டோ, அது மெல்லத் தந்தாப் போதும். வாட்ச் ஓடுதான்னு கேக்கத்தான். கழட்டி வச்சா நின்னு போவும்."

"நின்னுடுத்து" என்றேன்.

"அப்ப சாரு கட்டலியா?"

அக்கா போனை வாங்கி, ஒலிபெருக்கியில் போட்டு, தான் யார் என்பதையும் நடந்ததையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அந்தப் பக்கம் மழை பெய்வது கேட்டது.

பிறகு அவர் சொன்னார்: "அம்மா, சாரோட வாட்ச் ஓடிட்டுத்தான் இருக்கு. தினமும் காலையில சாவி கொடுக்கறேன். இன்னிக்கும் கொடுத்தேன்."

அக்கா அப்போதுதான் அழுதாள். சித்தப்பா எழுந்து வெளியே போனார்.

பேப்பர் இல்லாமல் பழைய வாட்ச் வாங்காதீர்கள். அத்திம்பேர் போன பிறகும் என் கருத்து அதுதான். அவர் முறை எல்லோருக்கும் ஒத்துவராது. அவருக்குக் கடைசி வரை பொய்க்கவில்லை, அவ்வளவே சொல்ல முடியும்.

அத்திம்பேர், உங்கள் கணக்கில் பாக்கியிருப்பதை நான் முடிக்கிறேன். பதின்மூன்றாம் நாள் காரியம் கழிந்ததும் செய்யப்போவது:

1. அக்காவை என் காரில் பொன்முடிக்கு அழைத்துப் போவேன்.

2. கிளம்பும்போது செல்வராஜின் வாட்ச்சை என் கையில் கட்டிக்கொள்வேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஸ்டீயரிங் திருப்பும் அசைவில் அது ஓடத் தொடங்கும். ஓடுகிற வாட்ச்சாகத்தான் அவரிடம் கொடுப்பேன்.

3. உங்கள் வாட்ச்சை அக்கா வாங்கிக்கொள்வாள். அதைத் திறந்து பார்க்க மாட்டேன், ஓட்டத்தை அளக்க மாட்டேன்.

4. கறுப்பு வாட்ச்சை நான் வாங்கிக்கொள்கிறேனா என்று செல்வராஜ் கேட்டால், பேப்பர் கேட்க மாட்டேன். என் வாட்ச்சைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஏழு நாள் கேட்பேன்.