‘பயப்படாதீங்க’ என்று சொல்லும் வேலை

சின்ன சபை நடத்துகிற பாஸ்டருக்குச் சம்பளம் நிச்சயமில்லை, லீவு கிடையாது, பயப்பட அனுமதியும் கிடையாது. பெரிய கோபுரம் கட்டியவர்களைச் சொல்லவில்லை. கீழே ஹார்ட்வேர் கடை, மாடியில் வாடகை ஹால், கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு என்று ஊழியம் செய்கிறோமே, நம்மைச் சொல்கிறேன். நான் கீழ்க்கட்டளையில் அப்படி ஒருவன். கொரோனா இரண்டாவது அலையில் எனக்கு நடந்தவை உங்களுக்கும் நடந்திருக்கும். படித்துவிட்டு என்னோடு சேர்ந்து வயிறெரிந்துகொள்ளுங்கள்.

மாடியிலிருந்து ஒரு குரல்

எங்கள் சபையின் தூண் தேவசகாயம் சார். பேங்க் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் கீழே கடையில் ஆணி வாங்க வந்தவர்களும் அண்ணாந்து பார்ப்பார்கள். எப்போதும் ஒரே தலைப்புதான்: விசுவாசிக்குப் பயம் கிடையாது.

ஊரடங்கில் ஹாலைப் பூட்டியிருந்தோம். ஒரு காலையில் அவர் போன் செய்து, மகனுக்குக் காய்ச்சல், உடனே வந்து ஜெபிக்க வேண்டும் என்று அழுதார். இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். மேடவாக்கம் ரோட்டில் போலீஸ்காரரிடம் திட்டு வாங்கி, கெஞ்சி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், சார் மாடி பால்கனியில் நின்றபடி கையை ஆட்டினார்.

"கேட்டைத் தொடாதீங்க பாஸ்டர், நீங்க நாலு வீட்டுக்குப் போறவர். ரோட்லயே நின்னு ஜெபம் பண்ணிட்டுப் போங்க, கர்த்தருக்குக் கேக்கும்."

என்னைக் கேட்டாரா?

அடுத்த வாரம் ராணியிடமிருந்து போன் வந்தது. ராணியும் அவள் புருஷன் அருளும் எங்கள் சபையில் கடைசி வரிசைக்காரர்கள். அருள் பெயிண்டர். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அன்று விடியும்போது போய்விட்டான். ராணிக்கும் காய்ச்சல். அவர்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். தாம்பரத்தில் இருந்த அருளின் அண்ணன் செல்லை ஆஃப் பண்ணிவிட்டான். உடம்பை வாங்கி அடக்கம் செய்ய ஓர் ஆள் வேண்டும்.

என் மனைவி மெர்சி என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். நான் செருப்பு மாட்டும்போது கேட்டாள்.

"கர்த்தர் உங்களக் கூப்பிட்டாரு, சரி. என்னையும் பாப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டாரா?"

போனில் வந்த ஜெபம்

கல்லறைத் தோட்டத்து வாசலில் அந்தப் பகுதி ஜனங்கள் ஆம்புலன்ஸை மறித்துக்கொண்டார்கள். இங்கே புதைத்தால் காற்றில் பரவும் என்றார்கள். அதில் பாதிப் பேர் கழுத்தில் சிலுவை தொங்கியது. போலீஸ் வந்து, சத்தம் போட்டு, உள்ளே போவதற்குள் உச்சி வெயில் ஆகிவிட்டது. குழி வெட்டிவிட்டு ஜேசிபி போய்விட்டது. உடம்பைத் தூக்கி வந்தவர்கள் ரஃபீக் என்ற தன்னார்வலரும் அவருடைய நண்பர்களும்.

எனக்கும் அந்த நீலக் கவச உடையை மாட்டிவிட்டார்கள். உள்ளே வியர்வை ஆறாக ஓடியது. ராணி கேட்க வேண்டும் என்பதற்காக செல்லை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்திருந்தேன். ஜெபத்தை ஆரம்பிக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. எத்தனையோ அடக்க ஆராதனையில் சொன்ன வார்த்தைகள், ஒன்றுகூட வரவில்லை. அந்த வெள்ளை மூட்டையைப் பார்த்தேன். நாளைக்கு நான், நாளான்னைக்கு மெர்சி என்றுதான் மனசு ஓடியது.

"பாஸ்டர், சத்தமே வரலியே. பயமா கீதா?" என்றாள் ராணி.

பொய் சொல்லத் தெம்பில்லை. "ஆமா சிஸ்டர்."

இருமிவிட்டு அவளே சொன்னாள். "அப்போ போனை அவராண்ட புடிங்க. நான் ஜெபம் பண்றேன்."

குனிந்து பிடித்தேன். பெரிய வார்த்தை ஒன்றுமில்லை அதில். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பதுபோல் பேசினாள். "ஆண்டவரே, இவருக்குத் தனியா படுத்தா தூக்கம் வராது. பெயிண்ட் நெடியில நெஞ்சு ரொம்பக் கெட்டுக் கீது. பாத்துக்கோ. எனக்கும் பயமாத்தான் கீது, என்னாண்டயும் இரு. பாஸ்டருக்கும் பயமா கீதாம், அவரையும் கொஞ்சம் புடிச்சிக்கோ." நடுவில் இருமல் வந்து நின்று, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

என் பயம் போகவில்லை. ஆனால் நாக்கு அவிழ்ந்தது. மண்ணுக்கு மண் என்று சொல்லி, ஒரு பிடி அள்ளிப் போட்டு, ஆமென் என்று முடித்தேன். போனிலும் ஓர் ஆமென் கேட்டது. திரும்பி வரும்போது ரஃபீக் பக்கத்தில் வந்தார்.

"சார், அந்த அக்காகிட்ட சொல்லுங்க. அடுத்தவாட்டி துவா கேக்கும்போது எங்க பேரையும் சேத்துக்கச் சொல்லுங்க."

நல்ல காரியம்

நான் நீல உடையில் நிற்கும் போட்டோவை யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அடக்கம் செய்தவன் வீட்டில் தண்ணீர் லாரிக்காரர் நிறுத்தவில்லை. பால் பாக்கெட் வரவில்லை. எங்கள் வீட்டு ஓனர் அந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். வயலெல்லாம் பிளாட் ஆன பிறகும் மரியாதை மாறாதவர். என் பெண்ணின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கித் தருபவர். எங்களைக் காலி பண்ணச் சொல்லித் தெருவே அவரை நெருக்கியது. பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டு நாங்கள் சபை ஹாலுக்கே குடிபோனோம். அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே பாய். சாவியை வாங்கும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"நீங்க பண்றது நல்ல காரியம்தான் சார். அத வேற வூட்ல இருந்து பண்ணுங்க."

சாட்சி வேளை

பிழைத்தவர்கள் எல்லோரும் மறுபடி கூடிய முதல் ஞாயிற்றுக்கிழமை. சாட்சி சொல்ல வரிசை நின்றது. எங்கள் வீட்டு வாசற்படியை வியாதி மிதிக்கவில்லை, எங்கள் விசுவாசத்தைக் கர்த்தர் கனம்பண்ணினார் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். தேவசகாயம் சார் மகன் குணமானதைக் கண்ணீரோடு சொன்னார். ஸ்தோத்திரம் என்று ஹால் அதிர்ந்தது. ராணி கடைசி வரிசையில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ஒவ்வொரு சாட்சிக்கும் அவள் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. அப்படியானால் அருளுக்கு விசுவாசம் குறைவா என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை; கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

முடிக்கலாம் என்று நான் எழுந்தபோது அவளும் எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"கர்த்தர் என் வூட்டுக்காரரக் காப்பாத்தினாருன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா தகரத்துக்கு உள்ளாற என்கூட இருந்தாரு. நீங்கல்லாம் எங்க இருந்தீங்க?"

பள்ளிக்கரணைத் தண்ணீர்

அதற்கப்புறம் ஒரு டிசம்பரில் புயல் மழை. சதுப்பு நிலத்துத் தண்ணீர் பள்ளிக்கரணைத் தெருக்களுக்குள் ஏறிவிட்டது. எங்கள் சபையைச் சேர்ந்த எஸ்தர் அம்மா, பக்கவாதம் வந்தவர், தரைத்தளத்தில் தனியாகக் கிடந்தார். கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டதாகப் போன் செய்தார். சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஆள் கேட்டேன். கைகூப்பிய பொம்மைகள் நிறைய வந்தன. ராணி மட்டும் நேரில் வந்தாள்.

இடுப்பளவுத் தண்ணீர். ராணிக்கு நீச்சல் தெரியாது. பாம்பு ஒன்று நீந்திப் போனதைப் பார்த்ததிலிருந்து என் சட்டையை முதுகுப்பக்கம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பல் கிட்டிக்க வந்தாள். எஸ்தர் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கி, மெயின் ரோட்டில் நின்ற படகு வரைக்கும் கொண்டுவந்தோம். வழியில் ராணியின் கால் ஒரு குழியில் இறங்கி, கழுத்து வரை முங்கி எழுந்தாள். நாற்காலியை மட்டும் விடவில்லை. பழக்க தோஷத்தில், பயப்படாதீங்க சிஸ்டர் என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு என்னை ஒரு முறை முறைத்தாள்.

"அத மட்டும் சொல்லாதீங்க பாஸ்டர். பயம் பாட்டுக்குப் பயம் கீது, காலு பாட்டுக்குக் காலு போவுது. இவ்ளோதான் நான் கர்த்தராண்ட கேட்டது."

அந்த ராணியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏற்றலாமா என்று சபைக் கமிட்டியில் கேட்டேன். வியாதியையும் வெள்ளத்தையும் விசுவாசத்தால் ஜெயித்த அத்தனை பேருக்கும் அதற்கு மட்டும் தைரியம் வரவில்லை.