சேத்தில ஓடின பெட்டைக்குதிரை

மூண்டு வருசத்துக்கு முந்தி, ஒரு பங்குனி மாசம், கனடாவில பிரெஞ்சு கதைக்கிற மொன்றியலில, பார்க் எக்ஸ்டென்ஷனில இருக்கிற எங்கட வீட்டுக் குசினியில நடந்த கதை இது. குசினியில நடந்தது எண்டு சொன்னாலும் குதிரையள் ஓடினது இங்கிலாந்தில. நான் அந்தக் குதிரையளை நேரில கண்டதும் இல்லை, அதுகளில ஒரு சதம் பந்தயம் கட்டினதும் இல்லை. ஆனால் என்ர வேலை நிக்குமோ போகுமோ எண்டது அண்டைக்கு ஒரு பெட்டைக்குதிரையின்ர காலிலதான் இருந்தது.

முதல்ல என்ர தொழிலைச் சொல்லவேணும், இல்லாட்டி உங்களுக்கு விளங்காது. நான் யாழ்ப்பாணத்தில புள்ளிவிபரவியல் படிச்சனான். கலியாணம் கட்டி இஞ்ச வந்த பிறகு, அந்தப் படிப்பை வைச்சு ஒரு வேலை எடுப்பம் எண்டு எத்தினையோ இடத்துக்குப் போனன். போற இடமெல்லாம் நல்லாச் சிரிச்சுக் கதைப்பினம், கடைசியில உங்கட பிரெஞ்சு காணாது எண்டுவினம். ஸ்னோவுக்குள்ளால நடந்து நடந்து அரசாங்கத்தின்ர பிரெஞ்சு வகுப்புக்கும் போய் முடிச்சன். அதுக்குப் பிறகும் காணாது எண்டுதான் சொன்னவை. சரி எண்டு செயின்ட்-மிஷேலில ஒரு உடுப்பு வேர்ஹவுஸில பெட்டி கட்டினன். பெட்டி கட்டுறது கேவலம் இல்லை. ஆனால் பின்னேரம் பஸ்ஸில ஏறி இருக்கேக்கை, இவ்வளவும் ஆருக்காகப் படிச்சனான் எண்டு ஒரு எரிச்சல் வரும் பாருங்கோ, அது நித்திரை கொள்ளும் வரைக்கும் போகாது.

அப்பதான் இன்டர்நெட்டில ஒரு விளம்பரம் கண்டன். இங்கிலாந்தில ஒரு குதிரைப் பந்தய இணையத்தளம். வரப்போற பந்தயங்களை அலசி எழுத ஆள் தேவை, எந்த நாட்டில இருந்தும் செய்யலாம், கணக்குத் தெரிஞ்சால் காணும் எண்டு போட்டிருந்தது. எழுதிப் போட்டன், சோதனை வைச்சினம், எடுத்திட்டினம். முதல் மூண்டு மாசம் பாத்திட்டுத்தான் நிரந்தரமாக்குவம் எண்டு சொன்னவை.

வேலை இதுதான். ஒவ்வொரு குதிரைக்கும் சந்தையில ஒரு விலை இருக்கும். ஒண்டுக்கு நாலு எண்டால், ஒரு பவுண் கட்டினவருக்கு அது வெண்டால் நாலு பவுண் லாபம், அதாவது அந்தக் குதிரை அஞ்சு தரம் ஓடினால் ஒருக்கா வெல்லும் எண்டு சனம் நினைக்குது. நான் அந்த விலையைப் பாக்காமல், ஒவ்வொரு குதிரையும் முந்தி ஓடின ஓட்டம், நிலம், தூரம், தாய் தகப்பன் எல்லாத்தையும் வைச்சு என்ர கணக்கைப் போடவேணும். பேந்து சந்தையின்ர விலையைப் பக்கத்தில வைச்சுப் பாத்து, சனம் எங்க பிழைவிட்டிருக்கு எண்டு எழுதவேணும். எனக்கு அது வேலை மாதிரியே தெரியேல்லை. அவ்வளவு ஆசையாச் செய்தன்.

வீட்டில ஒரே ஒரு சிக்கல் மாமி. இவரின்ர அம்மா, எங்களோடதான் இருக்கிறா. கொழும்பில ரேஸ் புக்கிக் கடைக்குப் போய்ப் பந்தயம் கட்டிக் குடும்பத்தை அழிச்ச ஆக்களின்ர கதை மாமியிட்டை ஒரு மூட்டை இருக்கு. சீட்டுக்கட்டைக் கண்டாலே எழும்பிப் போற மனுசி. அதால, லண்டன் கொம்பனி ஒண்டுக்குக் கணக்குப் பாக்கிறன் எண்டு மட்டும் சொல்லி வைச்சிருந்தன். அது பொய்யும் இல்லைத்தானே. இவர் பஸ் ஓடுறவர், வேலையால வந்து சப்பாத்தைக் கழட்டாமலே, அம்மாவுக்குத் தெரிஞ்சால் உன்னையும் குதிரையளையும் சேத்துக் கலைச்சுவிடுவா எண்டு காதுக்குள்ள பகிடி விடுவார்.

மூண்டு மாசம் முடியிற கிழமையில வந்தது அந்தப் பந்தயம். நாலு வயசுக் குதிரையள் மட்டும் ஓடுற தடைதாண்டல். அந்த வயசுக்கு வருசத்திலயே பெரிய ஓட்டம் அதுதான். அலசுறதுக்குச் சரியான கரைச்சல் பிடிச்சது. எல்லாம் வளருற வயசு, தடை தாண்டப் பழகி ஒரு குளிர்காலம்தான் ஆகியிருக்கும். கையில இருக்கிற விபரம் கொஞ்சம், மிச்சம் முழுக்க ஊகம். அந்த மாதிரி நேரத்திலதான் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வினம்.

அந்த வருசம் சாய்ஞ்ச பக்கம் ஒரு கபிலக் குதிரை. ஓடின எல்லாத்திலயும் வெண்டது. தடைக்குத் தூரத்தில இருந்தே எட்டிப் பாயும், பாக்கவே அவ்வளவு வடிவு. விலை ஒண்டுக்கு ஒண்டு, அதாவது ரெண்டில ஒருக்கா வெல்லும் எண்டு சனம் நம்புது. நானும் அப்பிடி நம்பித்தான் தொடங்கினன். வீடியோக்களைத் திருப்பிப் போட்டுப் பாக்கேக்கைதான் மனம் ஒத்துவரேல்லை. அது வெண்டதெல்லாம் காய்ஞ்ச நிலத்தில, சின்னக் கூட்டத்தோட, முன்னுக்குத் தனிய ஓடி. இந்தப் பந்தயத்திலயோ கனக்கக் குதிரையள், அதோட அங்க நாட்கணக்கா மழை. அவ்வளவு தூரத்தில இருந்து பாயிறதுக்குச் சேத்துக்குள்ள காலை எங்க ஊண்டுறது?

பட்டியலின்ர அடியில ஒரு பெட்டைக்குதிரை கிடந்தது. ஒண்டுக்கு இருபத்தைஞ்சு. பிரான்ஸில ஓடித் திரிஞ்சதை இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் வாங்கியிருக்கிறார். இங்கிலாந்தில ஒருக்காத்தான் ஓடினது, காய்ஞ்ச நிலத்தில, நாலாவதா வந்தது. அந்த ஒரு ஓட்டத்தை வைச்சு எல்லாரும் அதை மூலையில போட்டிட்டினம். தடைக்குக் கிட்ட வந்தவுடனை அது காலடியைக் குறுக்கி, அளந்து, பேந்துதான் பாயும். எழுதிறவை அதைத் தயக்கம் எண்டு எழுதியிருந்தினம்.

எனக்கு அது தயக்கமாத் தெரியேல்லை. எங்கட வீட்டுக்கு வெளியால இரும்புப் படி, மாரி முழுக்க அதில ஐஸ். வந்த புதுசில கெதியா இறங்கி, இடுப்பும் நாரியும் அடிபட விழுந்து ஒரு கிழமை படுக்கையில கிடந்தனான். இப்ப சின்ன மகளைக் கையில பிடிச்சுக்கொண்டு, கார்டறி எண்டுற பிள்ளைக் காப்பகத்துக்கு இறங்கேக்கை, நானும் அப்பிடித்தான் காலடியைக் குறுக்கி அளந்து இறங்கிறன். வழுக்கிற இடத்தில விழாமல் போகத் தெரிஞ்ச ஒண்டைக் கண்டால் எனக்குத் தெரியாதோ?

ஆனால் நெஞ்சு சொல்லுறதை எழுத ஏலாது, ஆதாரம் வேணும். அந்தப் பெட்டை பிரான்ஸில ஓடின ஓட்டங்களைத் தேடி எடுத்தன். வர்ணனையும் பிரெஞ்சு, அறிக்கையும் பிரெஞ்சு. இங்கிலாந்தில எழுதிறவை ஏன் இதைத் தொடேல்லை எண்டு அப்பதான் விளங்கிச்சுது. மொன்றியல் முழுக்கக் காணாது காணாது எண்டு திருப்பி அனுப்பின என்ர பிரெஞ்சு, குதிரைக்குக் கண்டுது. ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிக் கேட்டன். நிலம் பசையா ஒட்டுது, மற்றதுகள் களைச்சுப்போய் நடக்குதுகள், இந்தப் பெட்டையை மட்டும் அது ஒண்டும் செய்யேல்லை எண்டு அந்த மனுசன் கத்துறார். ஒரு ஓட்டத்தில இல்லை, அங்க சேத்தில ஓடின எல்லாத்திலயும் அதே கதை. அதோட பெட்டையளுக்கு முதுகில ஏத்திற பாரத்திலயும் கொஞ்சம் சலுகை இருக்கு. எல்லாத்தையும் போட்டுப் பாத்தால் ஆறில ஒரு வாய்ப்பு எண்டு வந்துது. சனம் நினைக்கிறது இருபத்தாறில ஒண்டு. எங்கயோ பிழைவிட்டிட்டன் எண்டு நினைச்சு முதலில இருந்து போட்டன். திருப்பியும் அதுதான் வந்துது.

கபிலக் குதிரைக்கு நான் குடுத்தது நாலில ஒண்டு. அப்பவும் அதுக்குத்தான் வாய்ப்புக் கூட. ஆனால் அந்த விலைக்கு அதை நம்பாதேங்கோ, விலைக்கு மேல பெறுமதி உள்ளது இந்தப் பெட்டைதான் எண்டு எழுதி அனுப்பினன்.

கொஞ்ச நேரத்தில ஆசிரியர் போன் எடுத்தார். வெள்ளைக்காரர், நல்ல மனுசன், கதை குறைவு. வருசத்தில ஆகக் கூடின ஆக்கள் வாசிக்கிற நாள் இது, நாடே ஒரு குதிரைக்குப் பின்னால நிக்கேக்கை புதுசா வந்த ஒரு ஆள் இப்பிடி எழுதினால் பகிடி பண்ணுவினம் எண்டார். உங்களை நிரந்தரமாக்கிறதோ எண்டு மேலிடம் முடிவெடுக்கப்போறதும் இதைப் பாத்துத்தான், மாத்தினால் உங்களுக்கு நல்லது எண்டும் சொன்னார். அவர் வெருட்டேல்லை, உண்மையான அக்கறையிலதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு.

பெட்டி கட்டுற இடம் கண்ணுக்கு முன்னால வந்துது. ஓம் மாத்திறன் எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது. ஆனால் நான் கேட்டது வேற:

"கணக்கில பிழை எங்க எண்டு காட்டுங்கோ, உடனை மாத்திறன்."

மற்றப் பக்கம் அவர் என்ர கணக்கைத் திருப்பி எடுத்தார். பக்கங்களைத் தட்டிப் பாக்கிறார் எண்டு விளங்குது. பேந்து, பிழை எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, ஆனால் தளத்தின்ர பெயரில இதைப் போட ஏலாது எண்டார். அதுவரைக்கும் நான் எழுதினதெல்லாம் தளத்தின்ர பெயரிலதான் வந்தது. என்ர பெயர் ஒரு இடத்திலயும் இல்லை.

"அப்ப என்ர பெயரைப் போடுங்கோ," எண்டு சொல்லிப்போட்டன்.

போனை வைச்ச பிறகுதான் பயம் பிடிச்சுது. ஏனெண்டால் என்ர கணக்கின்படியே ஆறில அஞ்சு தரம் அந்தப் பெட்டை தோக்கும். இவர் வந்து கேட்டிட்டு, இஞ்சேரப்பா, உன்னை ஆர் வீரம் காட்டச் சொன்னது எண்டார். பேந்து குசினிக்குள்ள போய், கேக்காமலே எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தார்.

பந்தயம் வெள்ளிக்கிழமை. அங்க மத்தியானம், இஞ்ச காலமை. பிள்ளையளை அனுப்பிப்போட்டு, குசினி மேசையில லாப்டொப்பை வைச்சுக்கொண்டு இருந்தன். இவர் வேலையில. மாமி சாமியறையில எண்டு நினைச்சுக் கொஞ்சம் சத்தமா வைச்சிட்டன். பாத்தால், கற்பூரத் தட்டோட பின்னால நிக்கிறா. திரை முழுக்கக் குதிரையள்.

இனி ஒளிக்க ஏலாது எண்டு எல்லாத்தையும் சொன்னன். வேலை என்ன, ஆசிரியர் என்ன சொன்னவர், இந்தப் பெட்டை மண் கவ்வினால் எனக்கு என்ன நடக்கும், எல்லாம். மாமி, நீ காசு கட்டினியோ எண்டு மட்டும் கேட்டா. ஒரு சதமும் இல்லை மாமி எண்டன். என்ர முகத்தை ஒருக்கா வடிவாப் பாத்தா. விழப்போகுது எண்டு நான் நினைச்ச பேச்சு விழேல்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"எது எங்கட?" எண்டு கேட்டா.

காட்டினன். உடனை, தாய் தகப்பன் ஆர் எண்டு கேட்டா, கலியாணம் விசாரிக்கிற அதே குரலில. தாயும் சேத்தில ஓடி வெண்டதுதான் மாமி எண்டன். அப்ப சரி எண்டு திருநீறை எடுத்து எனக்குப் பூசிவிட்டா.

ஓட்டம் தொடங்கிச்சுது. கபிலக் குதிரை வழமைபோல முன்னுக்கு. எட்டி எட்டிப் பாயுது, வர்ணனை செய்யிறவர் அதைவிட்டு வேறொண்டையும் கதைக்கிறார் இல்லை. எங்கட பெட்டை நடுவில பதுங்கி வருது. பாதி வழியில ஒரு தடையில, முன்னால போன குதிரை தடுமாற, எங்கடது அதில முட்டுப்பட்டு அப்பிடியே நிண்ட மாதிரிப் போச்சு. மேல இருந்து ஓட்டுற ஆளே ஒரு பக்கம் சாய்ஞ்சிட்டான். திருப்பியும் ஓடத் தொடங்கேக்கை கடைசிக்குக் கிட்ட நிக்குது. சரி, முடிஞ்சுது, திங்கட்கிழமை வேர்ஹவுஸுக்குப் போன் எடுக்கவேணும் எண்டு மனதுக்குள்ள முடிவே எடுத்திட்டன். மாமி மட்டும் முருகா முருகா எண்டு முணுமுணுத்துக்கொண்டு இருந்தா.

கடைசி வளைவு வந்துது. மற்றக் குதிரையள் ஒவ்வொண்டாத் தொய்யத் தொடங்கிச்சுது. கால் எல்லாம் சேறு, மூச்சு வாங்குது. எங்கட பெட்டை ஓரமா, ஒண்டொண்டா விலத்தி முந்திக்கொண்டு வருது, அதே குறுக்கின காலடி. கடைசிக்கு முதல் தடையில கபிலக் குதிரை தூரத்தில இருந்து பாய்ஞ்சுது, கால் எட்டேல்லை, தடையின்ர மேலால அடிச்சு இறங்கிச்சுது. விழேல்லை, ஆனால் வேகம் போயிட்டுது. கடைசித் தடைக்கு மூண்டு குதிரையள் சேந்து வருகுதுகள். எங்கட பெட்டை அளந்து, சின்னதா ஒரு பாய்ச்சல். இறங்கினதுதான் தெரியும், முன்னுக்கு வந்திட்டுது!

"ஓடு பிள்ளை, ஓடு!" எண்டு மாமி எழும்பி நிண்டு மேசையில அடிக்கிறா. வெள்ளிக்கிழமை விரதக்காரி, நெத்தி முழுக்கத் திருநீறு, தேத்தண்ணிக் கோப்பை கவிண்டு லாப்டொப்புக்குக் கீழால ஓடுது, அவவுக்கு ஒண்டும் தெரியேல்லை. அரைக் குதிரை நீளத்தில வெண்டுது. கபிலக் குதிரை மூண்டாவதா வந்து, சுகமா நடந்து போச்சு. நானும் மாமியும் கட்டிப்பிடிச்சுக் கத்தின கத்தலில, கீழ் வீட்டுப் பங்களாதேஷ் அக்கா ஏதோ விபரீதம் எண்டு ஓடி வந்து கதவைத் தட்டினவ. கடைசித் தரிப்பில பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டுப் போனில பாத்துக்கொண்டு நிண்ட இவர் அழைப்பு எடுத்தார். கதை வரேல்லை, சிரிப்புத்தான் வந்துது.

பின்னேரம் ஆசிரியர் போன் எடுத்தார். பெரிசா வாழ்த்து ஒண்டும் சொல்லேல்லை. அவர் சொன்னது இதுதான்:

"இங்க எல்லாரும் உங்கட பெயரைக் கேக்கினம். அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லித்தாங்கோ."

என்ர பெயர் நீளம். மூண்டு மாசமா அவர் முதல் எழுத்தோட சமாளிச்சவர். ஆறுதலாப் பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னன். அவர் திருப்பிச் சொல்லிப் பாத்தார், பிழைச்சுது, திருப்பியும் சொன்னார். பக்கத்தில நிண்ட மாமி, இன்னும் சரிவரேல்லை எண்டு சொல்லு எண்டு என்னைக் கிள்ளினா. சரியா வரும் வரைக்கும் அந்த மனுசன் விடேல்லை. அடுத்த கிழமை நிரந்தரக் கடிதம் வந்துது, அதுக்குப் பிறகு நான் எழுதினது எல்லாத்துக்கும் மேல என்ர முழுப் பெயர்தான். மாமி இப்பவும் ஆரும் காசு கட்டுறதைக் கண்டால் பேசுவா, ஆனால் கோயிலில ஆக்களைக் கண்டால் என்ர மருமகள் லண்டனுக்குக் குதிரைச் சாதகம் பாக்கிறவ எண்டு பெருமையாச் சொல்லுவா.

பெட்டை வெண்டதை நினைச்சால் இண்டைக்கும் சந்தோசப் புழுகம் தாங்கேலாமல்தான் இருக்கு, ஆனால் அது தோத்திருந்தாலும் நான் எழுதினது சரிதான். ஆர் வெல்லுவினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாத அந்த நேரத்தில, பெட்டி கட்டுற இடம் கண்ணுக்கு முன்னால நிக்க நிக்க என்ர பெயரைப் போடுங்கோ எண்டு சொன்னன் பாருங்கோ, நான் வெண்டது அங்கதான்.